மூடி ஏறியே இருந்தது

அன்று கொட்டகைக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் தம்பி இருந்தான். இறந்துபோன என் ஒரே மகனின் மனைவி, என் மருமகள், தொட்டியை ஒட்டி நின்றாள். என் மகள் சோப்பு நுரை வாளியோடு நின்றாள். மாட்டு டாக்டர் இருந்தார். குழாய் வேலை செய்கிற பிளம்பர் இருந்தார். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் இருந்தார். அவருடைய மகனுக்கு என் மகளைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்று பார்த்ததாக இன்று தெருவில் சொல்லித் திரிகிற மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்கள் அங்கே இல்லை.

எங்களுடையது பால் வியாபாரக் குடும்பம். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கொட்டகை, அதற்கும் பின்னால் என் மகன் கட்டிய சாண எரிவாயுத் தொட்டி. தரைக்குக் கீழே செங்கல்லால் கட்டிய ஆழமான தொட்டி அது. சாணத்தையும், சந்தையில் கழித்துப் போடும் கோஸ் இலை, கீரைத்தண்டு, அழுகிய காய்களையும் ஒரு சிறிய குழியில் தண்ணீர்விட்டுக் கரைத்து உள்ளே அனுப்ப வேண்டும். மேலே கவிழ்த்து வைத்த அண்டாவைப் போல ஓர் இரும்பு மூடி கரைசலில் மிதக்கும். வாயு சேரச் சேர மூடி ஏறும். அடுப்பு எரிய எரிய இறங்கும். எங்கள் சமையலறைக்கும், தெருவில் சில வீடுகளுக்கும், ரொட்டிக்கடை அடுப்புக்கும் அங்கிருந்துதான் குழாய் போகிறது. சாணி அள்ளுகிற வீடு என்று எங்களைச் சொன்னவர்களின் வீட்டில் எங்கள் சாணி எரிந்தது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

என் மகன் ஒரு காலையில் அந்தக் கரைக்கும் குழியின் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கலக்குகிற கம்பு மடியில் கிடந்தது. டீ ஆறுகிறது என்று மருமகள் கூப்பிட்டாள். வருவான் என்றேன். அவன் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் மருமகளையும் தாழ்வாரத்துக்கு அழைத்து, இதயம் நின்றுவிட்டது என்றார். பல நாளாகவே பழுதாக இருந்திருக்க வேண்டும் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். என் அப்பா கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, ஏறக்குறைய இதே வயதில் போனவர். நான் பதில் சொல்லவில்லை. தாழ்வாரத்துச் சுவரில் பாதிவரைக்கும் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அந்தக் கோடு நேராக இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், திடீரென்று போய்விட்டான் என்று மட்டும் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தில் நம் இரத்தத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால், அது அந்த ஒரு வீட்டோடு நிற்காது. மருமகளும் வாய் திறக்கவில்லை. நான் அவளிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள்.

நான் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சரிதான், அழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன். படுக்கச் சொன்னால் படுத்தேன். யாரோ என் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்கள் என்று மகள் ஓடிவந்து வாங்கியபோது, நான் பாதி குடித்திருந்தேன்.

பிறகு அடுப்புகள் கெட்டன. முதலில் சுடர் பர்னரை விட்டு எழும்பி ஆடியது. அப்புறம் பற்றவைத்தால் பக்கென்று அணைந்தது. தொட்டிப் பக்கத்திலிருந்து குடலைப் புரட்டுகிற நாற்றம் தெருவரைக்கும் வந்தது. தெரு உடனே கணக்குப் போட்டுவிட்டது. தொட்டியில் ஓட்டை, வாயு கசிகிறது, அந்த வாயுதான் கட்டியவனையே கொன்றது, அடுத்தது நாம்தான். தொட்டியை மண் போட்டு மூடச் சொல்லிப் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்று தம்பி வந்து சொன்னான். அதற்கு முன்னால் சம்பந்தி என்கிற முறையில் பேசிப் பார்க்க ரொட்டிக்கடைக்காரர் வருகிறார் என்றும் சொன்னான்.

அன்று சாயங்காலம் மருமகள் சமையலறையில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"மாமா, நாளைக்கு அவங்க வந்து கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"ஓட்டை இல்லன்னு காட்டுவோம். பிளம்பர வரச் சொல்லியிருக்கேன். மாட்டு டாக்டரும் வரார்."

"அது போதுமா?"

"போதும்."

"போதலன்னா?"

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன். அவ கல்யாணம் எனக்கும் பெரிசுதான். தொட்டிய நான் நடத்திக்குவேன், எனக்கு அவர் எல்லாத்தையும் காட்டிக் கொடுத்திருக்கார். ஆனா அவர் வேலை தெரியாம கட்டி, அதுலயே செத்தார்னு ஊர் சொல்லுது பாருங்க, அதக் கேட்டுக்கிட்டு என்னால இந்த வீட்டுல நடமாட முடியல மாமா."

"போய் வேலையப் பாரும்மா" என்றேன். அவள் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாவு ஒட்டாத சட்டையில் அவரை நான் பார்த்தது நிச்சயதார்த்தப் பேச்சின்போதுதான். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, தொட்டியிலிருந்து தள்ளியே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எனக்கு ஒண்ணும் இல்ல. தெருவுல பயப்படறாங்க."

"நீங்க ஏன் அவ்வளவு தூரத்துல நிக்கறீங்க?" என்றான் தம்பி. "பயம் தெருவுக்குத்தானே?"

"நீ சும்மா இரு" என்றேன்.

பிளம்பர் வேலையை ஆரம்பித்தார். மகள் கொண்டுவந்த வாளியில் பிரஷ்ஷை முக்கி, மூடியின் வால்விலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைப் பூசினார். கசிவு இருந்தால் நுரை குமிழ் விடும். நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு இணைப்பாக அவர் பின்னால் நகர்ந்தோம். பிணத்தின் பின்னால் நடந்த அதே வேகத்தில் நடப்பதாக எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"என்னப்பா, ஷேவிங் பண்ற மாதிரி பூசறே?" என்றான் தம்பி.

"உங்க மூஞ்சிய விட இது மொழுமொழுன்னு இருக்குண்ணே. பூசறதுக்கு சுகமா இருக்கு."

"கூலி வாங்கறப்ப இந்த வாய மூடிக்கிட்டு வா."

மகள் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சிரிக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம்.

குமிழ் எங்கும் வரவில்லை. தெருவுக்குப் போகிற குழாய், நாற்றம் போக்க என் மகன் துருப்பிடித்த இரும்புத் தூளை அடைத்து வைத்த டப்பா, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பிளம்பர் கையைத் துடைத்தார்.

"ஓட்டை இல்லைங்க."

"அப்புறம் ஏன் அடுப்பு எரியல?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "வாயு எங்கேயோ போகுதுல்ல?"

மருமகள் முதல்முறையாகப் பேசினாள். "எங்கேயும் போகல மாமா. மூடியப் பாருங்க. ஏறியேதான் இருக்கு. கசிஞ்சா மூடி இறங்கியிருக்கணும்."

எல்லோரும் மூடியைப் பார்த்தோம். அது இரும்புச் சட்டத்தின் மேல்விளிம்புவரை ஏறி, பக்கத்தில் கரைசல் காய்ந்த வளையங்களோடு நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் மாடுகளிடம் போய்வருகிறேன். நான் கவனிக்கவில்லை.

"உள்ள வாயு நிறைய இருக்கு. ஆனா எரியற வாயு இல்ல" என்றாள் அவள். "தொட்டி கெட்டுப் போயிருக்கு. என்னத்தால கெட்டுச்சுன்னுதான் எனக்குப் பிடிபடல. சாணி அதேதான். சந்தைக் கழிவும் அதே அளவுதான் போடறோம்."

மாட்டு டாக்டர் அதுவரை கரைக்கும் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குச்சியால் கிளறினார். சாணிக் கரைசலின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி கட்டியாய் ஏதோ ஒதுங்கியிருந்தது. நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. தொட்டியிலிருந்து இல்லை.

"இது என்ன? தயிரா?"

டாக்டர் பையிலிருந்து ஒரு சோதனைக் காகிதத்தை எடுத்துத் தொட்டிக் கரைசலில் முக்கினார். காகிதம் நிறம் மாறியது. "நல்லாப் புளிச்சுப் போச்சு" என்றார். பிறகு என் தம்பியிடம் திரும்பினார்.

"மடி வீங்கின மாடு மூணுக்கும் ஊசி போட்டேனே. நான் சொல்ற வரைக்கும் அந்தப் பால விக்காதீங்கன்னு சொன்னேன்."

"விக்கல டாக்டர். சத்தியமா ஒரு சொட்டு விக்கல."

"என்ன பண்ணீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். அறுபது வயதுக்காரன், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

துக்க நாட்களில் பால் கறப்பது முன்னே பின்னே ஆனது. மடியில் பால் தங்கி மூன்று மாடுகளுக்கு வீக்கம் கண்டது. ஊசி போட்ட மாட்டின் பாலை எங்கள் வீட்டில் விற்க மாட்டோம். மகன் இருந்தவரை அந்தப் பாலைக் கொட்டகை மூலையில் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிடுவான். ஏன் அப்படிச் செய்கிறான் என்று தம்பி கேட்டதில்லை. அவன் போனபின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவன் தம்பிதான்.

"தெருச் சாக்கடையில ஊத்தலாம்னு போனேன் அண்ணா" என்றான். "பால்காரன் வீட்டுச் சாக்கடை வெள்ளையா ஓடினா பாக்கறவன் என்ன சொல்லுவான்? தண்ணி கலந்து மாட்டிக்கிட்டான், கொட்டிட்டான்னு சொல்லுவான். நம்ம கடை பேரு போயிடும். அதான் இந்தக் குழி வழியா தொட்டியில ஊத்தினேன். எல்லாம் அழுகறதுக்குத்தானே தொட்டி, பாலும் அழுகட்டும்னு."

"எத்தனை நாளா?"

"ஊசி போட்ட நாள்லேருந்து."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்தத் தொட்டிக்குள்ள வாயுவ உண்டாக்கறது கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. மாட்டு வயித்துல இருக்கற அதே கூட்டம்தான். மடியில இருக்கற கிருமியக் கொல்ல நான் மருந்து கொடுத்தேன். நீங்க அத வாளி வாளியா இதுங்களுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கீங்க."

"நல்ல பாலுதானே டாக்டர்" என்றான் தம்பி, மெதுவாக. "கறந்த சூட்டோட ஊத்தினேன்."

பிளம்பர் திரும்பிக்கொண்டார், சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. என் மகள் வாளிக்குள் பார்த்தபடி உதட்டைக் கடித்தாள். சிரிப்பு எனக்கும் எங்கோ இருந்திருக்க வேண்டும். வேறு யாரோ வேறு அறையில் சிரிப்பதுபோல அது தூரத்தில் கேட்டது. எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு எந்தக் குடும்பமும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. விற்றிருப்பார்கள், அல்லது சாக்கடையில் ஊற்றியிருப்பார்கள்.

டாக்டர் செய்ய வேண்டியதைச் சொன்னார். கொஞ்ச நாளுக்குச் சாணியும் போடக்கூடாது, இலையும் போடக்கூடாது. மூடியிலிருக்கும் வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். அதன்பிறகு சிறிது சுண்ணாம்பு, ஊசியே படாத வேறு கொட்டகையிலிருந்து புதுச் சாணி, அப்புறம் பொறுமை. மருமகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ரொட்டிக்கடைக்காரர் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார்.

"சரி. இன்னைக்கு ஓட்டை இல்ல. நாத்தம் பாலோடது. ஒத்துக்கறேன். ஆனா பையன் போனது இதுக்கெல்லாம் முன்னாடிதானே சம்பந்தி? அன்னைக்குக் கசிஞ்சிருக்கலாம்ல? அப்புறம் யாராவது சரி பண்ணியிருக்கலாம்."

"யாரு சரி பண்ணா?" என்றாள் மருமகள்.

"நான் உன்னச் சொல்லலம்மா. நல்ல பையன். அதுல சந்தேகமே இல்ல. ஆனா படிச்சுப் பாத்துக் கட்டினது வேற, அனுபவத்துல கட்டறது வேற. தான் கட்டினதே தன்ன எடுத்துக்கிச்சு. பாவம். அத வச்சுக்கிட்டு இன்னும் ஏன்? மண்ணப் போட்டு மூடிடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மூடிட்டா நாலு பேர் பேச்சும் அடங்கும். எனக்கும் பொண்ண இங்கேருந்து கூட்டிக்கிட்டுப் போறப்ப மனசு நிம்மதியா இருக்கும்."

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என் மகளும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு என்ன நேர்ந்தது என்று அவளுக்கும் நான் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று அவள் நின்ற விதத்தில் எனக்குத் தெரிந்தது.

சும்மா இருந்தால் போதும். நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் கல்யாணம் நடக்கும், தொட்டி மண்ணுக்குள் போகும், என் மகன் வேலை தெரியாதவன் என்று ஆகும். இறந்தவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்று ஒருவர் கேட்கலாம். நானே அப்படிக் கேட்டுத்தான் பார்த்தேன்.

"என் மகனுக்கு இதயத்துல கோளாறு" என்றேன்.

ரொட்டிக்கடைக்காரர், "என்னது?" என்றார்.

"இதயம் நின்னு செத்தான். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. என் அப்பாவும் அப்படித்தான், கடையில உக்காந்தபடியே போனார். எனக்கும் இருக்கலாம். நான் டாக்டர்கிட்ட காட்டிக்கல. தொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. தொட்டி அவன் கட்டினது, அதுல ஒரு குத்தமும் இல்ல. இரத்தம் நான் கொடுத்தது."

கொட்டகையில் ஒரு மாடு காலை மாற்றி வைத்தது. நுரை காய்ந்து குழாயில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். எதுவும் உடையவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் என் மகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. சந்தையில் மாட்டைச் சோதிக்கிறவர்கள் பார்ப்பதுபோல நெஞ்சைப் பார்த்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று. நான் அதைக் கண்டேன். அவளும் கண்டாள்.

"கடையில மாவு பிசைஞ்சு வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை.

அவர் போனதும் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணா, இப்ப எதுக்கு அதச் சொன்னே?" என்றான். நான் அவனிடம் குழியைக் கழுவச் சொன்னேன். அவன் கழுவினான். மருமகள் வால்வைத் திறந்தாள். கெட்ட வாயு சீறிக்கொண்டு வெளியேற, மூடி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பிளம்பர் கூலி வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று சொல்லிக் கையில் வைத்து அழுத்தினேன்.

தொட்டி தேறுவதற்கு நாளானது. மருமகள் தினமும் கரைசலை முகர்ந்து பார்ப்பாள், விரலில் தேய்த்துப் பார்ப்பாள், டாக்டர் கொடுத்த காகிதத்தை முக்கிப் பார்ப்பாள். ஒரு காலை சமையலறையில் நீலச் சுடர் ஆடாமல் நின்றது. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தேன். நல்லது என்றேன். அவள் டீ வைத்தாள். அன்று சர்க்கரை இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

தெருவில் புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீடாகக் குழாயைத் திறந்துகொண்டார்கள். ரொட்டிக்கடை அடுப்பும் அதில் ஒன்று. தன் குழாயைத் துண்டித்துவிட வேண்டாம் என்று அந்தக் கடைக்காரர் ஆள்விட்டுச் சொன்னார்.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். முன்னறையில் உட்கார்ந்தார். என் மகள் கடையில் பால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தட்டிதான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். "பையனோட அம்மாதான் கேக்கறா. பொண்ணுக்கு ஒரு தடவ இதயத்தச் சோதிச்சு, ஒண்ணும் இல்லன்னு எழுதி வாங்கிக் காட்டிட்டா, அடுத்த மாசமே வச்சுக்கலாம்."

நான் பதில் சொல்லுமுன் மகள் தட்டியைத் தாண்டி வந்தாள். கையில் அளக்கிற குவளை இருந்தது.

"சோதிச்சாச்சு மாமா. அண்ணியும் நானும் போனோம். ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

"அப்புறம் என்னம்மா? காட்டினா முடிஞ்சுது."

"எனக்காகப் பாத்தது. காட்டறதுக்காக இல்ல. உங்க பையன் சோதிச்சுக்கிட்டாரா?"

அவர் சிரித்தார். "அவனுக்கு எதுக்கு? எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது."

"அப்ப வேண்டாம் மாமா. உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

அவள் திரும்பிப் போய்ப் பாலை அளந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன், அவளை அதட்டுவேன் என்று எதிர்பார்த்தார். நான் மருமகளைக் கூப்பிட்டு, வந்தவருக்கு டீ கொண்டுவரச் சொன்னேன். அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

பால்காரர் வீட்டுப் பெண்ணின் இரத்தத்தில் கோளாறு, அதனால் ரொட்டிக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது என் மகள்.